யார் கேட்டதுன்னு சொல்லிட்டுப் பத்த வைங்க

"சாமி, என்னால இந்தப் பீடிய விட முடியல."

குவாரிச் சாமி அரிசி களைந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"ஒரு வேடிக்கைக் கதை இருக்கு, அண்ணாச்சி. கேட்டா சிரிச்சிருவீங்க. சொல்லட்டுமா?"

தங்கப்பழத்துக்கு அழுகை தொண்டை வரைக்கும் வந்து நின்றுகொண்டிருந்தது. சரி, முதலில் சிரித்துவிட்டு அழலாம் என்று அதை விழுங்கிக்கொண்டார்.

"சொல்லுங்க சாமி."

"இப்ப இல்ல. அரிசி வேகட்டும்."

அரிசி வெந்தது. கஞ்சியும் ஆறியது. இருவரும் குடித்தார்கள். சாமி சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்துவிட்டார். கதையைக் காணோம்.

நமக்கும் அதே கதிதான். சிரிப்பு வரும், நிச்சயமாக வரும். அதுவரைக்கும் தங்கப்பழத்தோடு கொஞ்சம் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

தங்கப்பழத்துக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது. நூல் மில்லில் வேலை. இடது காலில் இரண்டு விரல் இல்லை. மூன்றாவது விரல் கறுத்துக்கொண்டு வருகிறது. பீடி குடித்துக் குடித்து ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டது என்று சொல்லிவிட்டார்கள்.

இன்னொன்றும் அவரிடம் இருந்தது. குரல். எவர் குரல் வேண்டுமானாலும் அவர் வாயில் வரும். மேஸ்திரி, மேனேஜர், ஓட்டு கேட்டு வந்தவர், கோயில் மைக்கில் மொய் வாசிக்கிறவர், எல்லோரும் அந்தத் தொண்டைக்குள் குடியிருந்தார்கள். போனில் மேனேஜராகப் பேசி ஒரு ஷிப்டுக்கே லீவு விட்டவர் அவர்.

குவாரிச் சாமிக்கு முப்பத்தைந்து இருந்தால் அதிகம். தாடிகூட ஒழுங்காக முளைக்கவில்லை. கைவிடப்பட்ட கல் குவாரியின் மேட்டில், முன்பு வெடிமருந்து வைத்திருந்த அறையில் இருந்தார். சுவரில் பழைய சிவப்பு எழுத்து இன்னும் அழியவில்லை: 'இங்கு புகை பிடிக்கக் கூடாது.'

"சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கேன்," என்றார் தங்கப்பழம்.

சாமி சிரிக்கவில்லை.

*

மறுநாள் காலையில் சாமி கையை நீட்டினார்.

"மடியில இருக்கிறத எடுங்க."

தங்கப்பழம் ஒரு கட்டுப் பீடியை எடுத்துக் கொடுத்தார். சாமி அதில் ஒன்றை மட்டும் உருவிக்கொண்டு, மிச்சத்தைக் குவாரிப் பள்ளத்துத் தண்ணீரில் வீசினார். உருவிய பீடியையும் ஒரு தீப்பெட்டியையும் திரும்ப அவர் கையிலேயே வைத்தார்.

"இது எதுக்கு சாமி?"

"குடிக்கத்தான்."

"குடிக்கலாமா?"

"தாராளமா. ஆனா யாரு கேட்டதுன்னு எங்கிட்ட வந்து சொல்லிட்டுப் பத்த வைங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

தங்கப்பழத்துக்கு இது சல்லிசான வேலையாகப் பட்டது. காலை நொண்டிக்கொண்டு அறையைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு உடனே திரும்பி வந்தார்.

"மேஸ்திரி கேட்டாரு சாமி."

"எந்த மேஸ்திரி?"

தங்கப்பழம் பீடியை வாயின் ஓரத்தில் தொங்கவிட்டார். தோள் ஒரு பக்கம் சரிந்தது. வயிறு முன்னுக்கு வந்தது. வெடிமருந்து அறை வாசலில் செத்துப்போன சுந்தரவேல் மேஸ்திரி நின்றார்.

"ஏலே, நூலு அறுந்தா ஒட்டுலே. உங்க ஆத்தாளா வந்து ஒட்டுவா?"

சாமி கண்ணை மூடிக் கேட்டார்.

"மில்லுல சேர்ந்த புதுசு," என்று தங்கப்பழம் தன் இயல்புக்கு வந்தார். "தீப்பெட்டிய மில்லு வாசல்லேயே வாங்கி வச்சுக்குவாங்க. பஞ்சு இருக்கிற இடம்லா. சாப்பாட்டு நேரத்துல வெளிய வேப்ப மரத்தடிக்கு வருவோம். பெட்டிக்கடைத் தூணுல பீடி பத்த வைக்க நெருப்புக் கயிறு புகைஞ்சுக்கிட்டே தொங்கும். மேனேஜரா இருந்தாலும் அதுக்கு முன்னால தலையைக் குனிஞ்சுதான் ஆகணும்."

"ம்."

"நான் பத்த வைக்காத பீடிய வாயில வச்சுக்கிட்டு மேஸ்திரி மாதிரி பேசுனேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. 'மேஸ்திரி பீடி எப்பவாச்சும் புகையாம இருந்திருக்காடே'ன்னு ஒருத்தன் கயித்தை எடுத்து வாயில காட்டிட்டான். இழுத்தேன். புரை ஏறிருச்சு. அந்த இருமலுக்கு அதைவிடப் பெரிய சிரிப்பு."

"மறுநாள்?"

"மறுநாளும் சிரிக்க வைக்கணும்லா."

"மேஸ்திரி இப்ப எங்க?"

"நெஞ்சடைச்சுப் போய்ச் சேந்துட்டாரு. அவரு குரல்ல பேசினா இப்ப ஒருத்தரும் சிரிக்கிறதில்ல. புதுப் பயலுவளுக்கு அவரு யாருன்னே தெரியாது."

"செத்தவரு பீடி கேக்க மாட்டாரு," என்றார் சாமி. "போய் யாருன்னு பாருங்க."

*

வயிறு கல்லாகிவிட்டது. காலையில் ஒரு பீடி இழுத்தால்தான் அது இளகும். புதருக்குப் போய் உட்கார்ந்தார், வந்தார், மறுபடியும் போனார்.

"வயிறு கேட்டுது சாமி."

"வயித்துக்குக் கஞ்சி குடுத்தாச்சே."

"அதுக்குப் புகை வேணுமாம்."

"வயிறா சொல்லிச்சு? எந்தக் குரல்ல?"

வயிற்றின் குரலை எப்படிப் பேசுவது? தங்கப்பழம் முயன்று பார்த்தார். அது மேனேஜர் குரலாக வந்தது. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பினார்.

ஈ மேலே உட்கார்ந்தாலே ஆத்திரம் வந்தது. கஞ்சியில் உப்புக் குறைவு என்று சாமியிடம் எரிந்து விழுந்தார். உப்பு சரியாகத்தான் இருந்தது.

"வேலை அலுப்பு கேட்டுது," என்று ஒரு மத்தியானம் வந்தார். "மில்லுல சும்மா வெளிய நிக்க முடியாது சாமி. 'ஏன் நிக்க'ன்னு கேப்பாங்க. 'பீடி குடிக்கேன்'னா விட்டுருவாங்க. பீடி குடிக்காதவனுக்கு மூச்சு விடவே நேரம் கிடையாது. அவன் ரெண்டு பேரு மிசினையும் பாத்துக்கிட்டு உள்ளேயே கிடப்பான்."

"இங்க மிசினு எங்க இருக்கு?"

தங்கப்பழம் சுற்றிலும் பார்த்தார். பாறை இருந்தது. தண்ணீர் இருந்தது. ஒரு மீன்கொத்தி எந்த வேலையும் இல்லாமல் உட்கார்ந்திருந்தது.

"சரி, அந்த வேடிக்கைக் கதையையாவது சொல்லுங்க."

"சொல்றேன். இன்னும் கொஞ்சம் ஆகட்டும்."

*

"எம் பொண்டாட்டி கேட்டா."

"அவங்க பீடி குடிப்பாங்களா?"

"சண்டை போட்டா குடிக்கத் தோணும்லா. அதச் சொல்றேன்." இடுப்பில் கை ஏறியது. குரல் மெலிந்து கூர்மையானது. "'குடி. நல்லாக் குடி. உங் காலு, உம் பீடி. நடுவுல நான் எவ?' இப்படித்தான் சாமி. எஞ் செருப்பை எடுத்து ஒளிச்சு வச்சிட்டா, கடைக்குப் போகக் கூடாதுன்னு."

"போகலையா?"

"வெறுங்காலோட போனேன். உச்சி வெயிலு. தார் ரோடு."

"சுட்டிருக்குமே."

தங்கப்பழம் குனிந்தார். காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு காலு சுட்டுச்சு சாமி. இந்தக் காலு சுடல. வீட்டுக்கு வந்து பாத்தா தோல் உரிஞ்சு கிடக்கு, எனக்குத் தெரியவே இல்ல. அப்பத்தான் எனக்குப் பயம் வந்துச்சு."

"பயந்து?"

"பயத்துல ரெண்டு குடிச்சேன்."

சாமி எழுந்து போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"அவ கேக்கல," என்றார் தங்கப்பழம் தானாகவே. "அவ ஒளிச்சுல்லா வச்சா."

*

அடுத்து தங்கப்பழத்தின் வாயில் டாக்டர் வந்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிடுகிற பாவனை, அவசரமே இல்லாத பேச்சு.

"இங்க பாருங்க தங்கப்பழம். பீடிய அடியோட விட்டுட்டு வந்தா, அந்த ஒரு விரலோட நிறுத்தப் பாக்குறேன், பாதம் மிஞ்சும். ஒரு இழுப்பு இழுத்தாலும் முழங்காலுக்குக் கீழ எடுக்கிற மாதிரி ஆயிரும். நீங்கதான் முடிவு பண்ணணும்."

"யாரு முடிவு பண்ணணும்?"

"நாந்தானாம்."

"எப்ப வரச் சொன்னாரு?"

"வர்ற திங்கக்கிழமை சாமி."

ஆஸ்பத்திரியில் அடுத்த கட்டிலில் இருந்தவரையும் தங்கப்பழம் பேசிக் காட்டினார். இரண்டு காலும் இல்லாதவர் அவர். குரல் மட்டும் கம்பீரமாக இருந்ததாம்.

"'தம்பி, உனக்கு நடக்க முடியுதுல்லா. வாசல்ல கடை இருக்கு. ஒண்ணே ஒண்ணு வாங்கிட்டு வா.'"

"வாங்கிக் குடுத்தீங்களா?"

"குடுத்தேன். கக்கூசுப் பக்கமா வண்டியில தள்ளிக்கிட்டுப் போனேன். ரெண்டு பேருமா குடிச்சோம். நல்ல மனுசன் சாமி. அவருக்கு இனிமே வெட்ட ஒண்ணுமில்ல, கவலை இல்லாமக் குடிக்காரு."

சொல்லிவிட்டுத் தங்கப்பழம் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

"நீங்க குடிச்சிருக்கீங்களா சாமி?"

"இதே குவாரியிலதான் வேலை பாத்தேன். வெடிக்குத் திரி கொளுத்துற வேலை. பீடியாலதான் கொளுத்தணும். இழுத்துக்கிட்டே இருக்கணும், இல்லேன்னா அணைஞ்சிரும்."

"எப்படி விட்டீங்க?"

"விட்டேன்னு யாரு சொன்னா?"

தங்கப்பழம் அவரையே பார்த்தார்.

"இப்பவும் கேக்குதா?"

"இப்பக்கூட."

பள்ளத்துத் தண்ணீரில் காற்று ஓடியது. இத்தனை நாளாகத் தங்கப்பழத்துக்குள் நின்றுகொண்டிருந்த ஏதோ ஒன்று அந்தப் பதிலில் உட்கார்ந்துவிட்டது. சாமிக்கே கேட்கிறது என்றால் நமக்கெல்லாம் எங்கே நிற்கப் போகிறது?

*

கடைசியாக ஒரு குறும்பும் செய்து பார்த்தார் தங்கப்பழம். சாமி உள்ளே படுத்திருந்தார். வாசலில் இருந்தபடி சாமியின் குரலிலேயே பேசினார்.

"பத்த வைங்க அண்ணாச்சி. நாந்தான் கேட்டேன். தாராளமாக் குடிங்க."

உள்ளே அசைவில்லை. பிறகு சாமி வெளியே வந்தார். முதல் தடவையாக அவர் உதட்டோரம் லேசாக ஆடியது.

"எங் குரலை எப்பப் பிடிச்சீங்க?"

"அது என்ன பெரிய வித்தையா சாமி? செருமலைக் கவனிக்கணும். எந்த இடத்துல மூச்சு விடுறாங்க, எந்த வார்த்தையை இழுக்காங்கன்னு பாக்கணும். அது போதும். பெத்த தாயே ஏமாந்துருவா."

"அப்படியா," என்றார் சாமி. "சரி, பீடி கேட்டது யாருன்னு தெரிஞ்சுதா?"

தங்கப்பழம் சோர்ந்து கீழே உட்கார்ந்தார்.

"மேஸ்திரி இல்ல. வயிறு இல்ல. மிசினு இல்ல. பொண்டாட்டி இல்ல. எல்லாரையும் கழிச்சாச்சு. நாந்தான் சாமி. நாந்தான் கேக்கேன். வேற யாரு இருக்கா?"

"நிச்சயமா?"

"ஊர்ல உள்ளவன் குரலெல்லாம் எடுத்தவனுக்கு எங் குரல் தெரியாதா?"

"எப்படிக் கேட்டுச்சு? சொல்லிக் காட்டுங்க."

இதற்கு முன் தன் குரலை யாரும் பேசிக் காட்டச் சொன்னதில்லை. தங்கப்பழத்துக்குக் கூச்சமாக இருந்தது. மெல்லச் செருமிக்கொண்டார்.

"'போட்டும் விடுடே தங்கம். இது ஒண்ணு. நாளைக்குப் பாத்துக்கலாம்.'"

"இன்னொரு தடவை."

"'போட்டும் விடுடே தங்கம். இது ஒண்ணு. நாளைக்குப் பாத்துக்கலாம்.'"

"எப்பவும் இதேதானா?"

"எப்பவும் இதேதான். முதல் விரலை எடுத்த அன்னைக்கும் இதேதான். ரெண்டாவது விரலுக்கும் இதேதான்."

சாமி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னும் ஒரே ஒரு தடவை."

தங்கப்பழம் சொன்னார்.

*

ஞாயிற்றுக்கிழமை காலை. வெயில் இன்னும் பாறையைத் தொடவில்லை.

சாமி வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் மொள்ளப் போனார். வாளி கல்லில் இடிக்கிற சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

தங்கப்பழம் அறைக்கு வெளியே பின்சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் பீடி இருந்தது. மடியிலேயே கிடந்து கிடந்து இலை நைந்துபோயிருந்தது. இவ்வளவு நாள் பத்த வைக்காமல் எந்தப் பீடியும் அவரிடம் இருந்ததில்லை. அதை நினைக்க அவருக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

நாளைக்கு டாக்டரிடம் சொல்லலாம். ஒரு இழுப்புக்கூட இல்லை டாக்டர், மோந்து பாருங்க. பொண்டாட்டி முத்துக்கனியிடமும் சொல்லலாம். செருப்பைக் கொடுத்துருடி, இனிமே ஒளிக்க வேண்டாம்.

அப்போது அது வந்தது.

வழக்கம்போலத்தான் வந்தது. முதலில் ஒரு மெல்லிய செருமல்.

'போட்டும் விடுடே தங்கம்.'

தங்கப்பழம் கண்ணை மூடிக்கொண்டார்.

'நாளைக்கு எப்படியும் கத்தியை வைக்கத்தான் போறான். இது ஒண்ணு. நாளைக்குப் பாத்துக்கலாம்.'

எவ்வளவு அன்பான குரல். உலகத்தில் வேறு யாரும் அவரை அப்படித் தங்கம் என்று கூப்பிட்டதில்லை. அவரோடு சண்டை போடாத ஒரே குரல். கத்தியைப் பற்றிச் சொன்னதும் நியாயமாகத்தான் இருந்தது.

சாமியிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது. என்னத்தைச் சொல்ல? கேட்டது யார் என்றுதான் தெரிந்துவிட்டதே.

தீக்குச்சியை உரசினார்.

முதல் இழுப்பில் உச்சந்தலை குளிர்ந்தது. இரண்டாவது இழுப்பில் கண்ணில் தண்ணீர் வந்தது. மூன்றாவது இழுப்பில் கறுத்த விரல் விண்ணென்று தெறித்தது.

அப்போதும் அவர் நிறுத்தவில்லை. கைவிரல் சுடுகிற வரைக்கும் குடித்துவிட்டுத்தான் போட்டார்.

*

சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். சாமி நிறைந்த வாளியோடு உட்கார்ந்திருந்தார்.

"பத்த வச்சிட்டேன் சாமி."

"யாரு கேட்டது?"

"நாந்தான். எங் குரலு எனக்குத் தெரியாதா?"

"ம்."

"முடிஞ்சுபோச்சு. நாளைக்கு முழங்காலோட எடுக்கட்டும். நான் கேட்டு, நானே குடுத்து, நானே குடிச்சேன். அடுத்தவன் மேல பழியப் போடக்கூட எனக்கு வழி இல்ல. இப்படி ஒரு பிறவி."

தங்கப்பழம் துண்டை உதறித் தோளில் போட்டார். பைக்குள் வேட்டியைத் திணித்தார். இறங்குகிற பாதையைப் பார்த்தார். அது வந்த அன்றைக்கு இருந்ததைவிடச் செங்குத்தாகத் தெரிந்தது.

"போறேன் சாமி. அந்த வேடிக்கைக் கதையையாவது சொல்லி அனுப்புங்க. சிரிச்சிருவேன்னு சொன்னீங்கள்லா."

"சொல்லிட்டேனே, அண்ணாச்சி."

"எப்ப?"

"காலையில."

"காலையில நீங்க தண்ணிக்குல்லா போனீங்க."

சாமி வாளியைத் தள்ளி வைத்தார். மெல்லச் செருமினார்.

"போட்டும் விடுடே தங்கம்," என்றது சாமியின் வாய். "நாளைக்கு எப்படியும் கத்தியை வைக்கத்தான் போறான். இது ஒண்ணு. நாளைக்குப் பாத்துக்கலாம்."

அதே செருமல். மூச்சு விடுகிற அதே இடம். தங்கம் என்பதில் அதே இழுப்பு.

தங்கப்பழத்தின் தோளிலிருந்து துண்டு நழுவியது. அவர் அதை எடுக்கவில்லை. தான் சாய்ந்திருந்த பின்சுவர்ப் பக்கம் பார்த்தார். சாமியின் வாயைப் பார்த்தார். கை தானாகத் தன் தொண்டைக்குப் போய், அங்கே இருப்பது யார் என்று தடவிப் பார்த்தது.

"சாமி, அது நீங்களா?"

"இன்னைக்கு மட்டும்," என்றார் சாமி.